சாவி திருகும் விழா

'மழைக்கால வழிகாட்டி' என்ற நூலை அட்டையிலிருந்து அட்டை வரை படித்தவர் திண்டுக்கல்லில் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் இஷாக். அவருக்கு வந்த கேடெல்லாம் அந்தப் படிப்பால் வந்ததே.

நூலை வெளியிட்டது நான்குசக்கர வாகன உரிமையாளர் நலப் பேரவை. வெளியீட்டு விழாவைக் கல்யாண மண்டபம் பிடித்து நடத்தினார்கள். மேடையில் இருந்தவர்கள் நூலை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துப் படத்துக்கு நின்றார்கள். கீழே இருந்தவர்கள் அதை விசிறிக்கொண்டே பேச்சுக் கேட்டார்கள். பந்தி முடிந்ததும் பாதிப் பிரதிகள் நாற்காலிகளிலேயே கிடந்தன. இஷாக் மட்டும் தன் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தார். அச்சில் வந்த எதையும் படிக்காமல் விடுவது அவரால் ஆகாத காரியம். பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஒரு தோல்ஷாப்பில் சரக்கறைப் பொறுப்பில் இருந்து தலை நரைத்தவர். வடை மடித்துக் கொடுத்த காகிதத்தைக்கூட எண்ணெய் துடைத்துப் படிப்பார். படித்ததை நம்பவும் செய்வார். அதுதான் அவரிடம் இருந்த கோளாறு.

தோல்ஷாப்பை மூடியபோது கைக்கு வந்ததை எல்லாம் போட்டு ஒரு பழைய பத்மினி கார் வாங்கியிருந்தார். பழனிக்கும் கொடைரோட்டுக்கும் வாடகைக்கு ஓட்டினார். வீட்டில் வேறு வரும்படி கிடையாது. "நம்ம வீட்டு அடுப்பு அந்த இன்ஜின்லதான் எரியுது, பாத்து ஓட்டுங்க" என்று அவர் மனைவி நஜ்முன்னிசா வண்டி கிளம்பும்போதெல்லாம் சொல்லி அனுப்புவாள். அதில் மிகை எதுவும் இல்லை.

வழிகாட்டியின் முதல் விதி இப்படி இருந்தது: 'ஆழமான நீரில் வண்டி அணைந்துவிட்டால் எக்காரணம் கொண்டும் சாவியைத் திருகக் கூடாது. பிளக்குகளைக் கழற்றி, நீரை வடித்து, உலர்த்திய பின்னரே இயக்க வேண்டும். மீறித் திருகினால் இன்ஜின் உடையும்.' காரணத்தையும் எழுதியிருந்தார்கள். காற்று போக வேண்டிய இடத்தில் தண்ணீர் போய் உட்கார்ந்திருக்கும். காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. நசுங்காததை நசுக்கப் போனால் இரும்பு வளையும். அருமையான விதி. எங்கிருந்து பார்த்து எழுதினார்களோ, சரியாகத்தான் எழுதியிருந்தார்கள்.

இரண்டாம் விதி பேரவையின் சொந்தச் சரக்கு: 'உடனே பேரவைக்குத் தெரிவிக்கவும். பொறுப்பாளர்கள் வரும்வரை வேறு எவரையும் வண்டியைத் தொட விடக் கூடாது.'

அந்த ஐப்பசியில் ஒருநாள் காலை, பழனிக்குப் போய் வந்த ஒரு குடும்பத்தை ரயிலடியில் இறக்கிவிட்டு இஷாக் காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தார். இரவெல்லாம் கொட்டிய மழையில் தண்டவாளத்துக்கு அடியில் போகும் பாதை குளமாகிக் கிடந்தது. முன்னால் ஒரு பஸ் சர்வ சாதாரணமாக இறங்கிக் கரையேறியது. பஸ்ஸுக்கு இருக்கும் உயரம் தன் வண்டிக்கு இல்லை என்பது இஷாக்குக்கு நடுத்தண்ணீரில்தான் உறைத்தது. எதிரே வந்த லாரி கிளப்பிய அலை பானட்டுக்கு மேலே ஏறி இறங்கியது. இன்ஜின் ஒரு விக்கல் விக்கி அணைந்துவிட்டது. கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து, அவர் செருப்பைக் கழற்றி மிதக்கவிட்டது.

கை தானாகச் சாவிக்குப் போனது. சாவியைத் தொட்டும் விட்டது. அந்த நேரத்தில் முதல் விதி கண்முன்னே வந்து நின்றதால், சூடு பட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். நியூட்ரலில் போட்டுவிட்டு இறங்கி, அங்கே நின்ற நாலைந்து பேரைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ளி மேடேற்றினார். டீக்கடை ஓரமாக நிறுத்தி, பானட்டைத் திறந்து வைத்தார். அதுவரைக்கும் அவர் செய்ததில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. பிறகுதான் எதிரே இருந்த டெலிபோன் பூத்துக்குள் நுழைந்தார்.

முதலில் வீட்டுக்குச் சொன்னார். நஜ்முன்னிசா ஒரே வார்த்தையில், மீரானைக் கூப்பிடச் சொன்னாள். மீரானின் பட்டறை அங்கிருந்து கூப்பிடு தூரம். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிடுவது அவனுக்கு அன்றாட வேலை. இஷாக் இரண்டாம் விதியை எடுத்துச் சொன்னார். "மீரான் கை வச்சா வண்டி ஓடும், விதிதான் ஓடாது. உங்களுக்கு எது ஓடணும்?" என்று அவள் கேட்டாள். இஷாக்குக்கு இரண்டும் ஓட வேண்டும்.

பேரவையின் செயலாளர் ஆரோக்கியதாஸ், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். தொலைபேசியில்கூட நிறுத்தற்குறிகளோடு பேசுவார். விஷயத்தைக் கேட்டவுடன் தழுதழுத்த குரலில் சொன்னார்: "பேரவை ஆரம்பிச்சு இம்புட்டு வருஷத்துல, உதவின்னு கேட்டு வந்த முதல் உறுப்பினர் நீங்கதான் பாய். இதச் சும்மா விட்ரக் கூடாது."

இஷாக் நெகிழ்ந்துபோனார். சும்மா விடாமல் என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்டுவைத்திருக்கலாம்.

முதலில் நாற்காலிகள் வந்தன. பிறகு சாமியானாப் பந்தல்காரர்கள் வந்து, வண்டியின் நாலு பக்கமும் கம்பு நட்டார்கள். ஒரு கம்புக்கு இடம் போதாமல் காரின் பம்பரிலேயே கயிற்றைக் கட்டினார்கள். மைக்செட் வந்து, 'அலோ, அலோ' என்று டீக்கடைக்காரரின் காதுக்கு நேராகச் சோதனை செய்தது. துணிப் பேனர் ஒன்றும் வந்தது, எழுத்து காயாமல். 'நீரில் மூழ்கிய வாகன மீட்புத் திட்டத் தொடக்க விழா' என்று அதில் எழுதியிருந்தது. கீழே தலைவர், துணைத் தலைவர்கள், செயலாளர் பெயர்களும், அவற்றைவிடப் பெரிய எழுத்தில் சிறப்பு விருந்தினர் பெயரும் இருந்தன. தன் பெயர் எங்காவது இருக்கிறதா என்று இஷாக் தேடினார். ஓரத்தில் 'பயனாளி ஒருவர்' என்று போட்டிருந்தது.

கடைசியாகப் பேரவையின் கருவிப்பெட்டி வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் திறப்பு விழா நடந்த பெட்டி; ரிப்பன்கூட இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. இஷாக் ஆவலோடு எட்டிப் பார்த்தார். உள்ளே பொன்னாடைகளும் எலுமிச்சம்பழங்களும் இருந்தன.

தலைவர் பிரிட்டோ பாத்திரக்கடை முதலாளி. வந்து இறங்கியதும் இஷாக்கின் வண்டியைப் பார்க்கவில்லை. பேனரைப் பார்த்து, தன் பெயருக்கு முன்னால் இருக்க வேண்டிய 'பேரன்பிற்குரிய' என்ன ஆயிற்று என்று விசாரித்தார். துணி போதவில்லை என்று பதில் வந்தது. அவர் முகம் சுண்டிவிட்டது. அதைச் சரிக்கட்ட அங்கேயே அவருக்கு முதல் பொன்னாடையைப் போர்த்தினார்கள்.

அப்போதுதான் இஷாக் நிகழ்ச்சி நிரலைக் கேட்டார். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, அதன் பிறகு 'சாவி திருகித் தொடங்கி வைத்தல்'. பிரிட்டோவிடம் ஓடினார். சாவியைத் திருகக் கூடாதே, விதி ஒன்று இருக்கிறதே என்று வழிகாட்டியைப் பிரித்துக் காட்டினார்.

பிரிட்டோ பொறுமையானவர். கோபித்துக்கொள்ளவில்லை. "பாய், அது உறுப்பினர்களுக்குப் போட்ட விதி. பொறுப்பாளர்களுக்கு இல்ல. நாங்களும் அதையே கடைப்பிடிச்சா அப்புறம் பொறுப்பாளர்னு எதுக்கு இருக்கோம்?" என்றார்.

ஆரோக்கியதாஸுக்குத்தான் மனசு வருத்தம். "அந்த விதிய எழுதினதே நான். எழுதினவனுக்கே அதப் படிச்சுக் காட்டுறீங்களே பாய்." வேறெந்தத் தொடக்க விழாவிலும் ரிப்பன் வெட்டலாம், விளக்கு ஏற்றலாம், கார் விழாவில் சாவி திருகாமல் எதைத் தொடங்குவது என்று அவர் கேட்டார். பிளக்கைக் கழற்றித் தொடங்கலாமே என்று இஷாக் மெதுவாகச் சொன்னார். பிளக்கைக் கழற்றுவது குனிந்து செய்யும் வேலை, படத்தில் முகம் விழாது என்று அதை நிராகரித்தார்கள்.

நஜ்முன்னிசா குடையோடு வந்து சேர்ந்தாள். பந்தலையும், பொன்னாடையையும், மாலை போட்ட காரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "ஏங்க, வண்டிக்கு நடக்குறது கல்யாணமா மையத்தா? தெரிஞ்சா அதுக்குத் தக்கன நிப்பேன்" என்றாள். இஷாக்குக்கும் அதே சந்தேகம்தான்.

விழா தொடங்கியது. வரவேற்புரையில் ஆரோக்கியதாஸ் தண்ணீரின் பெருமையைச் சொல்லி, உலகம் நீரில் தோன்றியதிலிருந்து ஆரம்பித்து, இஷாக்கின் வண்டி நீரில் அணைந்தது வரைக்கும் வந்தார். வழியில் வழிகாட்டி நூலைத் தொட்டார். முதல் விதியை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். 'எக்காரணம் கொண்டும்' என்ற இடத்தில் கண்ணை மூடி, கையை உயர்த்தி, மறுபடி ஒருமுறை சொன்னார். கூட்டம் கைதட்டியது. "இப்படிப்பட்ட பொன்னான விதியை உலகுக்குத் தந்த பேரவையின் தலைவர் அவர்கள், இப்போது சாவியைத் திருகித் தொடங்கி வைப்பார்கள்" என்று முடித்தார். அதற்கும் கைதட்டினார்கள்.

பிரிட்டோ மாலையோடு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து திருகினார். உள்ளே எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. கையால் தடுத்த மாதிரி நின்றுவிட்டது. தண்ணீர் நசுங்க மறுக்கிறது என்று இஷாக்குக்குப் புரிந்தது. பிரிட்டோ இறங்கி, மிக நல்ல தொடக்கம் என்று மைக்கில் சொன்னார்.

பேரவைக்கு மூன்று துணைத் தலைவர்கள். மூன்று வருஷத்துக்கு முன் கருவிப்பெட்டி திறந்தபோது ஒருவருக்குக் கத்தரிக்கோல் கொடுக்காமல் விட்டதில் பேரவை இரண்டாக உடையப் பார்த்தது. ஆகவே இந்த முறை மூவரும் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு திருகு திருகினார்கள். டக். டக். டக். ஒவ்வொன்றுக்கும் இஷாக் தன் விலா எலும்பைப் பிடித்துக்கொண்டார். போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்து ஃபிலிம் மாற்றப் போயிருந்தார். திரும்பி வந்து, ஒண்ணும் விழலையே என்றார். ஆகவே மறுபடி தலைவரிலிருந்து ஆரம்பித்து எல்லாரும் திருகினார்கள். செயலாளர் மட்டும் என்ன பாவம் செய்தார் என்று அவரும் ஒருமுறை திருகினார்.

இஷாக் நடுவில் போய், வண்டியின் கதவில் கையை வைத்துக்கொண்டு, போதும் சார் என்று கெஞ்சினார். பயனாளி உணர்ச்சிவசப்பட்டிருப்பதாக ஆரோக்கியதாஸ் மைக்கில் அறிவித்தார்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலையப் பார்த்த நேரத்தில் சிறப்பு விருந்தினர் வந்தார். ரெட்டியார்சத்திரம் பக்கத்து அரிசி ஆலை முதலாளி சடையாண்டி. சுற்றுவட்டத்தில் இட்லிக்கடை திறந்தாலும் இரத்ததான முகாம் நடந்தாலும் அவர்தான் சிறப்பு விருந்தினர். நேரத்துக்கு வந்துவிட்டால் சிறப்பு எங்கே இருக்கிறது என்று எண்ணுகிறவர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. வாழ்நாளெல்லாம் பின்சீட்டில் உட்கார்ந்தே வந்தவர். அவரை முன்சீட்டில் உட்கார வைத்து, எது சாவி என்று காட்டினார்கள்.

மற்றவர்கள் திருகி உடனே விட்டுவிட்டார்கள். சடையாண்டிக்கு விடவேண்டும் என்பது தெரியாது. திருகியவர் திருகியபடியே பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார். இன்ஜின் முக்கியது, முனகியது. இத்தனை திருகலில் எப்படியோ காய்ந்திருந்த ஒரு சிலிண்டர் பற்றிக்கொண்டது. கூட்டம் ஆரவாரம் செய்தது. நீர் நின்ற சிலிண்டர் வழிவிடவில்லை. அம்மிக்கல்லை மாடியிலிருந்து போட்டது போல ஒரு சத்தம். வண்டி ஒருமுறை குலுங்கி அடங்கியது. கீழே எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது.

கைதட்டல் நிற்கவே இல்லை. சடையாண்டி இறங்கி வந்து மைக்கைப் பிடித்தார். "நான் கை வச்ச எந்தக் காரியமும் சத்தமில்லாம முடிஞ்சதில்ல" என்று தன்னடக்கத்தோடு சொன்னார். பயனாளி என்ற முறையில் இஷாக்குக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதை உருவி, எண்ணெய் ஒழுகும் இடத்தில் வைத்தார்.

மீரான் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தான். கனெக்டிங் ராடு ஒடிந்து, பிளாக்கின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை ஒட்ட முடியாது, வேறு இன்ஜின்தான் போட வேண்டும் என்றான். வேறு இன்ஜினுக்கு இஷாக் எங்கே போவார்? வண்டி பட்டறை வாசலில் செங்கல் மேல் நின்றது. பழனிக்குப் போகிற வாடிக்கைக்காரர்கள் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு வேறு வண்டி பிடித்தார்கள். நஜ்முன்னிசா அக்கம்பக்கத்துக்குத் துணி தைத்துக் கொடுத்து அடுப்பை எரியவிட்டாள். ஒருநாளும் அவரைக் குத்திப் பேசவில்லை. அதுதான் இஷாக்குக்குத் தாங்க முடியவில்லை.

ஆனாலும் அவர் படித்த மனிதர். வழிகாட்டியின் கடைசிப் பக்கத்தில் கடைசி விதி என்று ஒன்று இருந்தது: 'மீட்புப் பணியின்போது பொறுப்பாளர்களால் வாகனத்துக்குச் சேதம் ஏற்பட்டால் பேரவையே பழுது நீக்கித் தரும்.' யாரும் அதுவரைக்கும் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் போட்டிருந்தார்கள். இஷாக் அதைக் காட்டியபோது ஆரோக்கியதாஸே ஆச்சரியப்பட்டார். இவ்வளவு நல்ல விதி இருக்கிறதா என்று கேட்டு, கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

உடனே விசாரணைக் குழு அமைத்தார்கள். தலைவர் பிரிட்டோ, உறுப்பினர்கள் மூன்று துணைத் தலைவர்கள், பதிவு செய்பவர் ஆரோக்கியதாஸ். பாரபட்சம் கூடாது என்பதற்காக விசாரிக்கும்போது நாற்காலியிலும், பதில் சொல்லும்போது எதிரே போட்ட பெஞ்சிலும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். பிரிட்டோ நாற்காலியில் உட்கார்ந்து, சாவியை யார் திருகியது என்று அதட்டலாகக் கேட்டார். பிறகு எழுந்து பெஞ்சுக்குப் போய், தனக்குத் தெரியாது என்று பணிவாகப் பதில் சொன்னார். மறுபடி நாற்காலிக்கு வந்து, அந்தப் பதில் திருப்தியாக இருப்பதாகத் தெரிவித்தார். மற்றவர்களும் அப்படியே. படங்களை எடுத்துப் பார்த்தார்கள். எல்லாப் படத்திலும் எல்லாரும் ஜன்னல் வழியே கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கை எதிலும் தெரியவில்லை. சடையாண்டியை விசாரிக்கத் தேதி கேட்டார்கள். அவருக்கு விழாக்கள் இருந்தன.

முடிவில் அறிக்கை வந்தது. சாவி திருகப்பட்டிருக்கிறது, ஆனால் பொறுப்பாளர் எவரும் திருகவில்லை, ஆகவே உரிமையாளரே திருகியிருக்க வேண்டும். ஆரோக்கியதாஸ் இஷாக்கின் தோளில் கை வைத்து அனுதாபமாகச் சொன்னார்: "வருத்தமாத்தான் இருக்கு பாய். மொத விதிய நீங்க ஒருவாட்டி படிச்சிருந்தா இம்புட்டுக்கு வந்திருக்காது."

சில நாள் கழித்துப் பேரவையின் ஆண்டு விழா அழைப்பு வந்தது. வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பை வெளியிடுகிறார்கள். முதல் பிரதியை 'முதல் பயனாளி' என்ற முறையில் இஷாக் பெற்றுக்கொண்டு ஏற்புரை ஆற்ற வேண்டும். கிழித்துப் போடப் போனவரை நஜ்முன்னிசா தடுத்தாள்.

"போங்க. போயி அவுகளக் கூப்புட்டுக் கேளுங்க."

"கேட்டாச்சே. யாருமே திருகலன்னுட்டாகளே."

"நீங்க, 'யாரு குத்தவாளி'ன்னு கேட்டா எவன் வருவான்? பொன்னாடைன்னு சொல்லிப் பாருங்க. செத்துச் சந்தூக்குல வச்சுத் தூக்கிட்டுப் போறப்பக்கூட எந்திரிச்சு வந்து நிப்பாக."

இஷாக் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே, வெட்டிப்போட்ட ஜிகினாத் துணியில் இரண்டு பொன்னாடை தேறும் என்றாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. ஊரில் கார் வைத்திருப்பவர்கள் எல்லாம் பந்திக்காக வந்திருந்தார்கள். வீடியோக்காரர் வெள்ளை விளக்கைத் தூக்கிப் பிடித்து மேடையைப் படம் எடுத்தார். இரண்டாம் பதிப்பை வெளியிட்டார்கள். முதல் பதிப்பை யாரும் படித்திருக்கவில்லை என்பதால் அதில் ஒரு திருத்தமும் இல்லை. ஏற்புரைக்கு இஷாக்கைக் கூப்பிட்டார்கள். மேடைப் பழக்கம் இல்லாதவர். மைக்கை விட்டு விலகி நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினார்.

"எனக்குப் பெருசாப் பேச வராது. அன்னைக்குத் தண்ணிக்குள்ள நின்ன எ வண்டிக்காக மெனக்கெட்டு வந்து, சாவியத் திருகினவங்களுக்கு எங்க வீட்டுல பொன்னாட தச்சுக் குடுத்திருக்காக. இருக்கிறது ரெண்டுதான். திருகினவங்க மட்டும் வாங்க."

உடனே மேடையில் நாற்காலிகள் நகர்ந்தன.

பிரிட்டோ பக்கத்திலேயே இருந்ததால் முதலில் வந்தார். முதல் திருகு தன்னுடையதுதான், ஊரே அறியும் என்றார். துணைத் தலைவர்களில் ஒருவர் அவரை விலக்கிக்கொண்டு, தலைவர் லேசாகத் தொட்டதோடு சரி, மணிக்கட்டு வலிக்கத் திருகியது தான்தான் என்றார். இன்னொருவர், "நான் ரெண்டு தடவ திருகினேன், போட்டோக்காரரக் கேளுங்க" என்றார். போட்டோக்காரர் கீழே இருந்து, எல்லாருமே இரண்டு தடவை என்று சாட்சி சொன்னார். மூன்றாமவர் கண்ணில் நீர் தளும்ப, தன்னை எப்போதும் விட்டுவிடுகிறார்கள் என்றார். ஆரோக்கியதாஸ் பதிவு எழுதும் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு வரிசையில் வந்து நின்றார். அன்று ஊரிலேயே இல்லாத ஒரு பொருளாளரும் வந்து நின்றார்.

சடையாண்டி அந்த நேரத்தில்தான் மண்டபத்துக்குள் நுழைந்தார். எதற்கு வரிசை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு நேராக மேடையேறி மைக்கைப் பிடுங்கினார்.

"எல்லாரும் திருகினாங்க, நான் இல்லேங்கல. ஆனா இவங்க திருகினப்ப என்னா நடந்துச்சு? ஒண்ணும் நடக்கல. எவன் கையில இன்ஜின் ஒடஞ்சது? எ கையில. அப்பப் பொன்னாட யாருக்கு?"

ஒன்றை அவருக்குப் போர்த்தினார் இஷாக். மற்றொன்றின் இரு முனைகளையும் பிரிட்டோவும் துணைத் தலைவர்களும் பற்றி இழுத்துக்கொண்டிருக்கும்போது, இஷாக் புதுப் பதிப்பின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, மைக்கில் கடைசி விதியை வாசித்தார். ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. சரக்கறையில் தோல் எண்ணுகிற குரலில் வாசித்துவிட்டு நூலை மூடினார்.

வீடியோக்காரரின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. கீழே உட்கார்ந்திருந்த கார்க்காரர்கள் முதல்முறையாகத் தங்கள் கையில் இருந்த நூலைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒருவர், "அப்ப எ வண்டி மாட்டினாலும் இந்தாளுகதான் வருவாகளா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அந்தக் கேள்வி வரிசை வரிசையாக முன்னால் வந்தது. பிரிட்டோ பொன்னாடையின் முனையை விட்டார்.

பேரவை தவறை ஒப்புக்கொண்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அடுத்த கூட்டத்தில், பேரவையின் தாயுள்ளத்தைக் காட்டும் வகையில் பயனாளிக்கு இன்ஜின் வழங்குவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். இன்ஜின் வந்தது. மீரான் பொருத்தி, பட்டறையிலேயே ஓடவிட்டுப் பார்த்தான். தையல் மிஷின் மாதிரி ஓடியது. இஷாக் ஓட்டிக்கொண்டு போய் வீட்டு வாசலில் நிறுத்தினார். அன்று மாலையே ஆரோக்கியதாஸ் வந்து சேதி சொன்னார்: வரும் ஞாயிறு காலை, புது இன்ஜினுக்குச் சாவி திருகும் விழா. தலைவர், துணைத் தலைவர்கள், சிறப்பு விருந்தினர் எல்லாரும் வருகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பழனிக்கு ஒரு வாடகை இருந்தது. பழைய வாடிக்கைக் குடும்பம். எத்தனையோ வண்டி பார்த்துவிட்டு மறுபடி தேடி வந்திருந்தார்கள். அதையும் விட முடியாது, பேரவையையும் விரட்ட முடியாது. இஷாக் கடைத்தெருவுக்குப் போனார். நம்மூர்ப் பூட்டிலேயே பெரிதாக, பித்தளையில் ஒன்று வாங்கி வந்தார்.

விழாக்காரர்கள் வந்தபோது வாசலில் ஒரு கம்பு நட்டு, அதில் சங்கிலி கட்டி, சங்கிலியில் அந்தப் பூட்டைத் தொங்கவிட்டிருந்தார். பூட்டுக்கு மாலையும் போட்டிருந்தார். பிரிட்டோ வண்டி எங்கே என்று கேட்டார். அந்தால தெருமுனையில் நிற்கிறது, முதலில் இதைத் திருகித் தொடங்கி வையுங்கள் என்றார் இஷாக்.

"இதுவும் சாவிதான?" என்று பிரிட்டோ கேட்டார்.

"சாவிதாண்ணே. இதுன்னா எத்தன பேரு வேணாலும் திருகலாம்."

படத்துக்கு முகம் நன்றாக விழும் உயரத்தில் இருந்ததால் யாரும் மறுக்கவில்லை. பிரிட்டோ திருகினார். பூட்டு திறந்துகொண்டது. கைதட்டினார்கள். நஜ்முன்னிசா அதை மறுபடி பூட்டிக் கொடுத்தாள்; முதல் துணைத் தலைவர் திருகினார். அதற்கும் கைதட்டினார்கள். ஆரோக்கியதாஸ் மைக்கைப் பிடித்து, பூட்டு தோன்றிய காலத்திலிருந்து வரவேற்புரையைத் தொடங்கியபோது இஷாக் மெல்லப் பின்வாங்கித் தெருமுனைக்கு வந்தார். வாடிக்கைக் குடும்பம் ஏற்கெனவே வண்டிக்குள் உட்கார்ந்திருந்தது. சாவியைத் திருகினார். ஒரே திருகு. யாரும் கைதட்டவில்லை.

பழனியில் அவர்கள் மலையேறிச் சாமி கும்பிட்டு, பஞ்சாமிர்தம் வாங்கி, ஆற அமரச் சாப்பிட்டு முடித்தார்கள். திரும்பும்போது வழியில் நல்ல மழை. தண்ணீர் தேங்கிய இடங்களை எல்லாம் இஷாக் சுற்றிக்கொண்டே வந்தார். அவர்களை இறக்கிவிட்டுத் தெருவுக்குள் நுழைகையில் விளக்கு வைக்கும் நேரம் ஆகியிருந்தது. பந்தல் அப்படியே இருந்தது. மைக்கில் நன்றியுரையை நிறுத்தி வைத்துவிட்டு யாரையோ வரவேற்றுக்கொண்டிருந்தார்கள்.

சடையாண்டி அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். நஜ்முன்னிசா பூட்டைப் பூட்டி, மாலையை நேராக்கி, சாவியை அவர் கையில் கொடுத்தாள்.